பெப்டைடு ஊசியும் பிசகிய கணுக்காலும்

அறிவியல் மன்றத்தில் இவ்வாண்டு நாங்கள் மிகுதியாக விவாதித்த பொருள் பாடப்புத்தகத்திலிருந்து வந்ததன்று. விளையாட்டு மைதானத்திலிருந்து வந்தது. எங்கள் கோ-கோ அணியில் ஆடும் பத்தாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, மாவட்டப் போட்டிக்கு ஐந்து வாரம் இருக்கையில், கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது வலக் கணுக்காலைப் பிசகிக்கொண்டாள். எலும்பு முறியவில்லை, வெளிப்பக்கத்து ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, சில நாள் ஓய்வும் பின்பு பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார். அடுத்த வாரமே வெளியூர் விளையாட்டுக்காரர் ஒருவர் வேறொரு வழி சொன்னார். ஊசி ஒன்று இருக்கிறதாம். அதன் பெயர் பெப்டைடாம். பத்து நாளில் ஓடலாமாம்.

அவளுடைய தாயார் கைப்பேசியில் அந்த மருந்தின் படத்தோடு பள்ளிக்கு வந்தார். சிறு கண்ணாடிக் குப்பி; அடியில் சிட்டிகை அளவு வெள்ளைத் தூள். "ஏம்மா, நீங்கல்லாம் சயின்ஸ் எடுத்துப் படிக்கிற பொண்ணுங்க. கம்மல வெச்சாவது வாங்கிடலாம்னு இருக்கேன். வாங்கலாமா, வேணாமா?" என்று எங்களைக் கேட்டார். பதில் தெரியாமல் விழித்தோம். எங்கள் வேதியியல் ஆசிரியையான அருட்சகோதரிதாம், "பத்து நாள் கொடுங்கள் அம்மா, பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்" என்றார். அந்தப் பத்து நாளில் நாங்கள் கற்றதை இங்கே எழுதுகிறோம்.

பெப்டைடு என்பது என்ன?

பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டியதில்லை. அமினோ அமிலங்கள் மணிகளைப் போல ஒன்றோடொன்று கோத்திருந்தால் அது பெப்டைடு. மணிகள் மிகுந்து சரம் நீண்டால் புரதம் என்கிறோம். பிரசவ அறையில் தாய்மாருக்குக் கொடுக்கும் ஆக்சிடோசின் 9 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு. நீரிழிவுக்காரர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 உண்டு. ஆகவே பெப்டைடு என்ற ஒரே காரணத்தால் ஒரு பொருள் நல்லதும் ஆகாது, கெட்டதும் ஆகாது. எந்தப் பெப்டைடு, எதற்கு, யாருக்கு, எவ்வளவு என்பதே கேள்வி.

கிழிந்த ஜவ்வைப் பற்றியும் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். ஜவ்வும் தசைநாணும் பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. அந்தக் கொலாஜனின் அமைப்பைக் கண்டறிந்த பெருமை நம் தமிழ்நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு உரியது என்பதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு, கொலாஜன் மூன்று சரங்கள் முறுக்கிய அமைப்பு என்று 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அதற்கு அவர்கள் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தது கங்காருவின் வால் தசைநாணை. அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது வசதியாயிற்று. நாம் காலையில் அவசரமாகப் போட்டுக்கொள்ளும் மூன்று கால் பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். முப்புரிக் கயிறு இன்னும் பொருத்தமான உவமை. பெப்டைடுச் சரம் எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம் என்று 1963இல் இராமச்சந்திரன், இராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் வரைந்து காட்டிய படம் இன்றும் உலகெங்கும் 'இராமச்சந்திரன் வரைபடம்' என்றே வழங்குகிறது.

ஜவ்வு கிழிந்தால் உடல் புதுக் கயிறு திரிக்கத் தொடங்குகிறது. முதல் சில நாள் வீக்கம். பிறகு சில வாரங்கள் புதுக் கொலாஜன் உண்டாகிறது. ஆனால் அது தாறுமாறாக, நைந்த நாரைப்போலக் கிடக்கும். அது இழுவிசையின் திசையில் வரிசைப்பட்டு வலுப்பெறப் பல மாதங்கள் ஆகும். வலி போய்விட்டது என்பதும் ஜவ்வு வலுத்துவிட்டது என்பதும் ஒன்றல்ல. இதை எங்கள் தங்கைக்குப் புரியவைக்கத்தான் மிகவும் பாடுபட்டோம்.

கிரிவலத்துக் கால்வலி

வேங்கிக்காலில் இருப்பவர்களுக்கு ஓர் உதாரணம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் இலட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். மறுநாள் கெண்டைக்கால் கல்லாய் இறுகிவிடும். ஒருவர் நீலகிரித் தைலம் தேய்க்கிறார். மற்றொருவர் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறார். மூன்றாமவர் ஒன்றும் செய்யாமல் படுத்துவிடுகிறார். மூன்று நான்கு நாளில் மூவரும் எழுந்து நடமாடுகிறார்கள். முதலாமவர் தைலத்தைப் புகழ்வார், இரண்டாமவர் வெந்நீரைப் புகழ்வார். மூன்றாமவர் புகழ ஒன்றுமில்லாததால் அவரை யாரும் விசாரிப்பதில்லை. ஆனால் உண்மையைச் சொல்லக்கூடியவர் அந்த மூன்றாமவர்தாம்!

புத்தூர் கட்டுப் பலகைகளை நம் ஊர்ச் சாலைகளில் காண்கிறோம். கட்டுப் போட்டுக் குணமானவர்களை நாமும் அறிவோம். எலும்பு விலகாமல் கீறல் மட்டும் விட்டிருந்தால், அசையாமல் வைத்தால் போதும், ஆறு எட்டு வாரத்தில் உடலே அதைக் கூட்டிவிடும். ஆகவே கட்டியபின் கூடிற்று என்பதால், கட்டில் தடவிய பச்சிலையால் கூடிற்று என்று ஆகாது. பரம்பரை வைத்தியத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஆங்கில மருந்துக்கும் இதே கேள்வி உண்டு.

இதைப் பேசிக்கொண்டிருக்கையில் அருட்சகோதரி எங்களுக்கு லூர்து நகரை நினைவூட்டினார். லூர்து மாதா கெபியில் குணமடைந்தோம் என்று அறிவித்தோர் 7,000 பேருக்கு மேல். அவற்றை ஆராய 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இருக்கிறது. 2018 வரை புதுமை என்று திருச்சபை ஏற்றுக்கொண்டவை 70 மட்டுமே. பிற்காலத்தில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் பாப்பரசராக விளங்கிய லாம்பெர்த்தீனி, 18ஆம் நூற்றாண்டிலேயே இதற்குரிய விதிகளை எழுதி வைத்தார். நோய் கடுமையானதாக இருந்திருக்க வேண்டும். தானாகவே தணியும் கட்டத்தில் இருந்திருக்கலாகாது. குணத்துக்கு வேறு மருந்து காரணமாக இருக்கக்கூடாது. குணம் முழுமையானதாக இருக்க வேண்டும். நோய் திரும்பி வரலாகாது. அன்னையின் கெபியில் நடந்ததையே இவ்வளவு துருவிக் கேட்கும் திருச்சபையின் பிள்ளைகள், கண்ணாடிக் குப்பியில் வரும் தூளைக் கேள்வி கேட்காமல் ஏற்கலாமா? இந்த விதிகளுள் இரண்டாவதைக் கணுக்கால் பிசகுக்குப் பொருத்திப் பாருங்கள். பெரும்பாலான பிசகுகள் தாமாகவே தணியும் கட்டத்தில்தான் இருக்கின்றன.

எலிகளின் சாட்சியம்

அந்தக் குப்பியின் மேல் பி.பி.சி.-157 என்று எழுதியிருந்தது. (வானொலி நிலையத்தின் பெயரன்று, அதைக் கேட்டுச் சிரித்தவர்கள் எங்களில் பலர்.) 15 அமினோ அமிலங்கள் கொண்ட இதை ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர்கள் குரோஷியா நாட்டு ஜாக்ரெப் நகரத்தார். எலியின் குதிகால் தசைநாணை அறுத்துவிட்டு இந்தப் பெப்டைடைக் கொடுத்தார்கள். கொடுக்கப்பட்ட எலிகளுக்கு, கொடுக்கப்படாத எலிகளைவிட நன்றாக ஆறிற்று. இது பொய்யன்று. கொடுக்கப்படாத எலிகளையும் வைத்துப் பார்த்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

மனிதரில் என்ன ஆயிற்று? 2024 வரை வந்த கட்டுரைகளைத் திரட்டி 2025இல் ஒரு தொகுப்பாய்வு வெளியாயிற்று. அதில் தேறிய 36 ஆய்வுகளுள் 35 விலங்குகளிலும் செல்களிலும் செய்யப்பட்டவை. மனிதரைப் பற்றியது ஒன்றே ஒன்று. அதுவும் முழங்கால் வலிக்காரர்களுக்கு ஊசி போட்டுப் பல மாதம் கழித்து விசாரித்தது. இந்தப் பெப்டைடை மட்டும் போட்டுக்கொண்டவர்கள் 12 பேர். அவர்களுள் பெரும்பாலோர் வலி குறைந்தது என்றார்கள். ஊசி போடாதவர்களை யாரும் விசாரிக்கவில்லை. கிரிவலத்து மூன்றாமவர் இங்கே இல்லவே இல்லை.

12 பேர் என்பது குறைவுதானே, அதனால்தான் நம்பக்கூடாதா என்று எங்களில் ஒருத்தி கேட்டாள். எண்ணிக்கை மட்டும் காரணமன்று. 1747ஆம் ஆண்டு சாலிஸ்பரி என்ற ஆங்கிலக் கப்பலில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் மருத்துவர் சோதித்ததும் 12 மாலுமிகளைத்தான். எல்லாருக்கும் ஸ்கர்வி நோய். ஈறு அழுகும்; ஆறிய பழைய புண்கூட மீண்டும் திறந்துகொள்ளும். ஏனென்றால் உடல் கொலாஜன் செய்ய வைட்டமின் சி வேண்டும். (அவருக்கு அது தெரியாது.) அவர் என்ன செய்தார்? ஒரே நிலையிலிருந்த 12 பேரை இருவர் இருவராகப் பிரித்து, ஒரே உணவு கொடுத்து, மருந்தை மட்டும் மாற்றினார். இருவருக்குக் காடி, இருவருக்குக் கடல்நீர் என்று இவ்வாறு ஆறு வகை. ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவரும் ஆறே நாளில் தேறினார்கள். ஒருவர் வேலைக்கே திரும்பிவிட்டார். மற்றவர்களுக்கு அப்படித் தேறவில்லை. அந்த 12 பேரும் இந்த 12 பேரும் எண்ணிக்கையில் சமம். அங்கே ஒப்பிட ஆள் இருந்தார்கள், இங்கே இல்லை. அவ்வளவுதான் வேறுபாடு, ஆனால் அது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு.

ஒப்பீடு இல்லாவிட்டால் நம் மனமே நம்மை ஏமாற்றிவிடும். 2002இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், முழங்கால் தேய்மானம் உடைய 180 பேரில் சிலருக்கு உண்மையான துளை அறுவைச் சிகிச்சையும், சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்த போலிச் சிகிச்சையும் செய்தனர். இரு சாராருக்கும் வலி ஒரேயளவில்தான் குறைந்தது! ஊசி குத்தினாலே வலி குறைந்ததாகத் தோன்றுவது நம் பலவீனம் அன்று, இயல்பு.

இன்னொன்றும் அறிந்தோம். 2015இல் ஆரோக்கியமான 42 பேருக்கு இந்தப் பெப்டைடைக் கொடுத்துப் பாதுகாப்பைப் பார்க்கும் சோதனை ஒன்று பதிவாயிற்று. அதன் முடிவு அச்சில் வரவில்லை. சோதனைகளைத் தொடங்குமுன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதன் பயன் இங்கே விளங்குகிறது. பதிவு இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவிருந்ததே நமக்குத் தெரிந்திராது. நம் நாட்டிலும் 2007 முதல் இத்தகைய பதிவேடு இருக்கிறது. 2009இல் பதிவு கட்டாயமாயிற்று.

தேர்வில் தேறிய ஒரு பெப்டைடு

பெப்டைடு எதுவுமே எலும்பையும் ஜவ்வையும் தொடாது என்று நினைத்துவிடாதீர்கள். டெரிபாரடைடு என்று ஒன்று உண்டு. பாராதைராய்டு ஹார்மோனின் முதல் 34 அமினோ அமிலங்கள் அது. மாதவிடாய் நின்றபின் எலும்பு நலிந்த 1,637 பெண்களிடம் அதைச் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள். சத்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களுள் 100க்கு 14 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு முறிந்தது. மருந்து போட்டுக்கொண்டவர்களுள் 100க்கு 5 பேருக்கே முறிந்தது. 2002இல் அமெரிக்க அரசு அதை ஒப்புக்கொண்டது.

இதிலும் எலிகள் குறுக்கே வந்தன. வாழ்நாளின் பெரும்பகுதி அதிக அளவில் அந்த ஊசி போட்ட எலிகளுக்கு எலும்புப் புற்று கண்டது. அதனால் மனிதரிடம் நடந்த சோதனையையே முன்கூட்டி நிறுத்தினார்கள். மருந்துப் பெட்டியில் கடுமையான எச்சரிக்கை அச்சிடப்பட்டது. பல்லாண்டு கண்காணித்தும் மனிதரிடம் அந்தப் புற்று மிகவில்லை என்று கண்டபின், 2020இல் அந்த எச்சரிக்கையை நீக்கினார்கள். எலிக்கு வந்த கேடு மனிதருக்கு வராமல் போகலாம் என்றால், எலிக்குக் கிடைத்த நன்மையும் மனிதருக்குக் கிடைக்காமல் போகலாம் அல்லவா? எலும்பு வளர்ந்து முடியாத இளவயதினர் இன்றும் இந்த மருந்தைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் தங்கைக்கு வயது பதினைந்து.

சரி, முறிந்த எலும்பை இது விரைவில் கூட்டுமா? மணிக்கட்டு முறிந்த 102 பெண்களிடம் பார்த்து 2010இல் எழுதினார்கள். சத்தில்லாத ஊசிக்காரர்களுக்கு எலும்பு கூட 9.1 வாரம். 20 மைக்ரோகிராம் போட்டவர்களுக்கு 7.4 வாரம். இங்கே நிறுத்தியிருந்தால் வெற்றி என்று கொண்டாடியிருப்போம். ஆனால் 40 மைக்ரோகிராம் போட்டவர்களுக்கு 8.8 வாரம் ஆயிற்று; அதாவது பெரிய பலன் இல்லை. ஆய்வாளர்கள் தொடக்கத்தில் நிரூபிக்கப் புறப்பட்டதோ இந்த 40இன் பலனைத்தான்! அதிக மருந்து தோற்று, குறைந்த மருந்து வென்றது ஏன்? தற்செயலாகவும் இருக்கலாம். எதிர்பார்த்த முடிவு வரவில்லை என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு அந்தக் கட்டுரையின் மேல் மதிப்பு உண்டானது அதனால்தான்.

குப்பிக்குள் இருப்பது எது?

பி.பி.சி.-157ஐ உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம் 2022 முதல் தடைப் பட்டியலில் வைத்தது. எந்த அரசும் மனித மருந்தாக ஒப்புக்கொள்ளாத பொருள்கள் என்ற பிரிவில். விளையாட்டு விதிப்படி, உடலில் இருப்பதற்கு விளையாடுபவரே பொறுப்பு. யாரோ கொடுத்தார்கள் என்பது மட்டும் போதிய சமாதானம் ஆகாது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து எஸென்டன் காற்பந்துக் கழகத்தில் 2012ஆம் ஆண்டு வீரர்களுக்கு வரிசையாக ஊசிகள் போட்டார்கள். அதில் தைமோசின் பீட்டா-4 என்னும் தடைசெய்யப்பட்ட பெப்டைடு இருந்ததாக வழக்கு. யாருக்கு என்ன போட்டோம் என்ற ஒழுங்கான கணக்கு கழகத்திடமே இல்லை. 2015இல் உள்நாட்டுத் தீர்ப்பாயம் குற்றம் நிரூபணமாகவில்லை என்றது. 2016 ஜனவரியில் உலக விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அதை மாற்றி, 34 வீரர்களுக்கு ஈராண்டுத் தடை விதித்தது. அவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் தாள்களே அவர்களுக்கு எதிரான சான்றுகளுள் ஒன்றாயின.

தாயார் காட்டிய படத்தை நாங்கள் பெரிதாக்கிப் பார்த்தோம். கீழ்விளிம்பில் எறும்பு போன்ற எழுத்தில், ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பயன்படுத்த அன்று என்று ஆங்கிலத்தில் இருந்தது. உள்ளே இருப்பது அந்தப் பெப்டைடுதானா, கிருமி இல்லாததா என்று சோதித்துச் சொல்லும் பொறுப்பு அந்த ஒரு வரியால் விற்பவர் தோளைவிட்டு இறங்கிவிடுகிறது.

அப்படியானால் கணுக்காலுக்குச் சான்று உள்ள வைத்தியம் எது? நெதர்லாந்தில் கணுக்கால் பிசகிய 522 விளையாட்டுக்காரர்களை, 12 வயதுச் சிறுவர் முதல் 70 வயது முதியவர் வரை, சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கினார்கள். இரு பிரிவுக்கும் வழக்கமான சிகிச்சை உண்டு. ஒரு பிரிவு மட்டும் கூடுதலாக 8 வாரம், வாரம் 3 முறை, அரைமணிக்கு மேற்படாமல் வீட்டிலேயே ஒற்றைக்காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சி செய்தது. ஓராண்டுக்குள் மீண்டும் பிசகியவர்கள், பயிற்சி செய்யாதோரில் 100க்கு 33 பேர். செய்தோரில் 22 பேர். 2009இல் வெளியான முடிவு இது. பயிற்சி செய்தும் 22 பேருக்குப் பிசகத்தான் செய்தது என்பதையும் மறைக்க வேண்டாம். செலவு ஒன்றுமில்லை. ஆனால் இதைச் சொல்ல விளம்பரக்காரர் யாரும் வரமாட்டார்.

பத்தாம் நாள் தாயார் வந்தார். நூலகத்தில் உட்காரவைத்து, எலியையும் மாலுமியையும் கிரிவலத்தையும் சொன்னோம். குப்பி வாங்க வேண்டாம் என்றோம். மருத்துவர் சொன்ன பயிற்சியை விடாமல் செய்யச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ அந்த எலிக்கு மட்டும் காலு நெசமாவே சரியாயிடுச்சா?" என்றார். ஆமாம் அம்மா, சரியாயிற்று; அதனால்தான் மனிதரிடமும் ஒழுங்காகச் சோதித்துப் பார்ப்பது தகும்; அந்தச் சோதனை உங்கள் மகளின் காலில் நடக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறோம் என்றோம். கம்மலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

மாவட்டப் போட்டியில் எங்கள் தங்கை ஆடவில்லை. புள்ளிக் கணக்கு எழுத உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாள் எங்களோடு பேசவும் இல்லை. இப்போது இடைவேளை மணி அடித்ததும் தாழ்வாரத்துத் தூணருகே வலக்காலில் மட்டும் நின்று, கண்ணை மூடி, நூறு வரை எண்ணுகிறாள். சின்ன வகுப்புப் பிள்ளைகள் அவளோடு போட்டி போட்டு நின்று விழுகிறார்கள். எட்டு வாரத்தில் ஆறு முடிந்திருக்கிறது.